சிக்கலில் ஒரு சூரியன்

காளிதாஸ் சார் விடைத்தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். பூங்கோதையின் தாள் வந்ததும் அவர் கை நின்றது.

“பூங்கோதை, இங்கன வாம்மா.”

ஆறாம் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. பூங்கோதை எழுந்து போய்த் தாளை வாங்கிப் பார்த்தாள். ‘கோள்கள் எவ்வாறு தோன்றின?’ என்ற கேள்விக்கு அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் சரி என்ற குறியும் இல்லை, தவறு என்ற குறியும் இல்லை. சிவப்பு மையில் பெரிதாக ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

“நீ எழுதுனத நீயே சத்தமா வாசி, பாப்போம்.”

பூங்கோதை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

“பாடப்புத்தகத்தின்படி, சூரியனைச் சுற்றி இருந்த தூசிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டிப் பெரிதாகிக் கோள்கள் ஆயின. எங்கள் அத்தையின்படி, ஆதியில் பெரிய மேகமாக இருந்த சூரியன் சுருங்கச் சுருங்க வேகமாகச் சுற்றியது. அப்போது தன் ஓரத்தை வளையம் வளையமாகக் கழற்றி விட்டது. ஒவ்வொரு வளையமும் ஒரு கோள் ஆனது.”

‘எங்கள் அத்தையின்படி’ என்று கேட்டதுமே வகுப்பு சிரிக்கத் தொடங்கியிருந்தது. முடிக்கும்போது மலையாண்டி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பக்கத்துப் பெஞ்சில் இருந்த அவளுடைய தோழி ஹமீதா பானுகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரெண்டுல எது சரி?” என்று கேட்டார் சார். அவர் கோபமாகக் கேட்கவில்லை.

“தெரியல சார். அதான் ரெண்டையும் எழுதுனேன்.”

“எனக்கும் இதுக்கு எத்தனை மார்க் போடுறதுன்னு தெரியல. அதான் கேள்விக்குறி போட்டேன். போய் உக்காரு.”

பூங்கோதை உட்கார்ந்தாள். காது இரண்டும் சூடாக இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேரே பின்பக்கம் நடந்தாள். களத்தில் முண்டு மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. வேப்பமர நிழலில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மடிக்கணினியை முறைத்தபடி சேது அத்தை உட்கார்ந்திருந்தாள்.

சேதுலட்சுமி, பூங்கோதை ‘அய்யா’ என்று அழைக்கும் அப்பாவின் தங்கை. சென்னையில் கணிதப் பேராசிரியராக இருக்கிறாள். அடுத்த வாரம் மதுரையில் விஞ்ஞானிகளின் கூட்டம் ஒன்றில் அவள் பேச வேண்டும். அதற்கு முன் சில நாள் அமைதியாக இருந்து கணக்குப் போடலாம் என்று சொந்த ஊரான சிக்கலுக்கு வந்திருந்தாள். ஆனால் ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், “கணக்கு டீச்சருக்கு வானத்துல என்ன வேலை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“அத்தே, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டுல எது சரி? நீங்க சொன்னதா, புத்தகத்துல இருக்கதா?”

அத்தை மடிக்கணினியை மூடினாள். “எனக்கு என்னோடது சரின்னு தோணுது.”

“அப்ப சார் சொன்னது தப்பா?”

“அப்படிச் சொல்ல முடியாது. உலகத்துல நிறையப் பேரு சார் சொல்றதத்தான் சொல்றாங்க.”

“அப்ப நீங்க தப்பா?”

“அதுவும் தெரியாது.”

பூங்கோதை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். “தலைக்குள்ள யாரோ இடியாப்பம் பிழியிற மாதிரி இருக்கு அத்தே.”

மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அய்யா திரும்பிப் பார்த்தார். “இதுல என்ன தாயி குழப்பம்? பரிச்சையில புத்தகத்துல இருக்கத எழுது. அத்தை சொல்றத அத்தைகிட்ட சொல்லு. முடிஞ்சுச்சு.”

அய்யாவுக்கு முடிந்துவிட்டது. பூங்கோதைக்கு முடியவில்லை. அத்தை சொன்னது சரியென்றால் அதைப் புத்தகத்தில் ஏன் போடவில்லை? தப்பென்றால், அத்தை இவ்வளவு வருடமாக அதற்கே ஏன் கணக்குப் போடுகிறாள்?

அடுத்த நாள் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை களத்தில் நடந்துகொண்டே போனில் பேசுவது கேட்டது.

“மதுரைக்கு வரலன்னு சொல்லிரலாமான்னு இருக்கு. போன தடவை என்ன ஆச்சுன்னுதான் உனக்குத் தெரியுமே. நான் பேசி முடிக்கல, அந்தப் பெரியவரு எந்திரிச்சு, ‘ஏம்மா, வளையல் எப்ப லட்டு ஆச்சு?’ன்னு கேட்டாரு. சபையே சிரிச்சது. அதுக்கு மேல யாரு காதுல என் கணக்கு ஏறும்?”

அத்தையும் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அது சிரிப்பு மாதிரியே இல்லை.

பூங்கோதைக்கு நேற்று வகுப்பில் காது சூடானது நினைவுக்கு வந்தது. பேராசிரியர்களுக்கும் காது சூடாகும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்பே காளிதாஸ் சாரிடம் போய் நின்றாள்.

“சார், எங்க அத்தைய நம்ம கிளாஸுக்குக் கூட்டிட்டு வரட்டா? அவங்களே வந்து சொல்லட்டும்.”

சார் யோசித்தார். “பிள்ளைக குழம்பிப் போயிரும்மா.”

“நான் ஏற்கெனவே குழம்பித்தான் சார் இருக்கேன்.”

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வரச் சொல்லு. ஆனா நான் கேள்வி கேப்பேன்.”

“கேளுங்க சார். யாரும் சிரிக்க மட்டும் வேணாம்.”

“சரி. கேக்கலாம், சிரிக்கக் கூடாது. கிளாஸுக்கே சொல்லிர்றேன்” என்றார் சார்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

“ஆறாங்கிளாஸுக்கா? அவங்களுக்கு என்ன புரியும்?”

“எங்க கிளாஸ்ல சிரிக்க மாட்டாங்க அத்தே. சார்கிட்ட பேசிட்டேன்.”

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், “எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அத்தை வந்தாள். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டாள். அதற்குப் பக்கத்தில் ஒரு சமன்பாடு எழுதினாள். அதற்குக் கீழே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

“மிஸ்,” மலையாண்டி கையைத் தூக்கினான், “அதுல எக்ஸ்ஸுனு இருக்கே, அது யாரு?”

“அது சூரியனோட அகலம்னு வச்சுக்கோ.”

“வச்சுக்கிட்டேன் மிஸ். பக்கத்துல குட்டியா ரெண்டுன்னு தொங்குதே?”

அத்தை விளக்கினாள். விளக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. ஹமீதாவின் கண்கள் மெல்ல மூடித் திறந்தன. கடைசிப் பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டான். அது ஒவ்வொரு பெஞ்சாக முன்னால் வந்து சாரிடம் போய் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாருக்கும் புரியவும் இல்லை. அத்தையின் கையில் இருந்த சாக்பீஸ் மெதுவாகிக்கொண்டே வந்தது.

பூங்கோதைக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், கிரவுண்டுக்குப் போவமா? நாமளே சூரியனா இருந்து பாப்போம்.”

“என்னது?”

“நாமதான் சார் சூரியன். எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டுச் சுத்துவோம். அத்தை சொல்றபடி கழட்டி விடுவோம்.”

சார் அத்தையைப் பார்த்தார். அத்தை சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

பள்ளிக்கூட மைதானம் வெறும் புழுதிக்காடு. ஓரத்தில் நான்கைந்து கருவேல மரங்கள். நடுவில் வகுப்பு முழுவதும் கூடியது. உள்ளே ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு வட்டம், அதையும் சுற்றி ஒரு பெரிய வட்டம். எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

“முதல்ல மேகம் ரொம்பப் பெருசு. மெதுவாத்தான் சுத்தும்,” என்றாள் அத்தை. “சுத்துங்க. ஆங். இப்ப சுருங்குது. உள்ள வாங்க, உள்ள வாங்க. சுருங்கச் சுருங்க வேகம் கூடும்!”

வேகம் கூடியது. வெளிவட்டத்தில் இருந்தவர்கள் ஓட வேண்டியிருந்தது. யாருடைய செருப்போ பறந்தது.

“மிஸ், கை பிச்சுக்கிட்டுப் போகுது!” மலையாண்டி கத்தினான்.

“வெளியில இருக்கவங்க கையை விடுங்க! விட்டுட்டு ஓடிப் போகாதீங்க, அதே வட்டத்துல சுத்துங்க!”

வெளிவட்டம் கழன்றது. அது தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்க, உள்ளே இருந்தவர்கள் இன்னும் நெருங்கி, இன்னும் வேகமாகச் சுற்றினார்கள். அடுத்த வளையம் கழன்றது. புழுதிக்கு நடுவில் ஒரு சின்னச் சூரியன், அதைச் சுற்றி இரண்டு பெரிய வளையங்கள்!

“இதேதான்!” அத்தை கையைத் தட்டினாள். வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டு நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. “நான் சொல்றது இதேதான்! இப்ப ஒவ்வொரு வளையமும் ஒரே உருண்டையா சேரணும். சேருங்க!”

வளையத்தில் இருந்தவர்கள் சுற்றினார்கள். மறுபடி சுற்றினார்கள். யாரும் சேரவில்லை.

“யாருகிட்ட மிஸ் சேர்றது?” என்று கேட்டான் மலையாண்டி.

“பக்கத்துல இருக்கவங்ககிட்ட. பக்கத்துல இருக்கது ஒண்ணை ஒண்ணு இழுக்கும்.”

“எனக்கு ரெண்டு பக்கமும் பக்கம்தான் மிஸ். முன்னால ஹமீதா இழுக்குறா, பின்னால இவன் இழுக்குறான். நான் நடுவுலயே நிக்கிறேன். எல்லாருக்கும் அதே கதைதான்.”

அத்தை வளையத்தையே உற்றுப் பார்த்தாள்.

“மேடம்,” காளிதாஸ் சார் மெதுவாகச் சொன்னார், “நான் கேக்கணும்னு வச்சிருந்ததும் இந்தக் கேள்விதான்.”

பூங்கோதைக்கு உடனே புரிந்தது. இது அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வி! வளையல் எப்படி லட்டு ஆகும்? அத்தைக்கு உதவி செய்யப்போய், அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே!

“இந்த இடத்துக்கு என்கிட்ட ஒரு கணக்கு இருக்கு,” என்றாள் அத்தை. “ஆனா அது இன்னும் வலுவா இல்ல. அதுதான் உண்மை.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் மைதானத்தின் நடுவில் அத்தை மட்டும் தனியாக நிற்பதுபோல இருந்தது.

பூங்கோதை சட்டென்று சொன்னாள். “சார், இப்ப புத்தகத்துல இருக்கத விளையாடுவோம்.”

“அது எதுக்கு? அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே.”

“அத்தையோடத மட்டும் விளையாண்டு பாத்தா எப்படி சார்? ரெண்டையும் விளையாண்டாத்தான ஞாயம்?”

“ஆமா சார், ஞாயம்! ஞாயம்!” என்று எல்லாரும் கத்தினார்கள். வகுப்புக்குத் திரும்பிப் போக யாருக்கும் விருப்பம் இல்லை.

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விசிலை எடுத்துக்கொண்டு தானே போய் நடுவில் நின்றார். “நான் சூரியன். நீங்க எல்லாம் தூசி. என்னைச் சுத்தி ஓடணும். யாரு மேல யாரு முட்டுனாலும் கையைப் பிடிச்சுக்கணும். ஓடு!”

தூசிகள் ஓடின. இரண்டு பேர் முட்டிக் கைகோத்தார்கள். இரண்டு மூன்றானது. மூன்று ஐந்தானது.

“பாத்தீங்களா?” சார் பெருமையாக விசில் அடித்தார். “ஒட்டி ஒட்டிப் பெருசாகுது!”

அப்போதுதான் மலையாண்டி கூட்டம் ஒரு பக்கமிருந்தும், ஹமீதா கூட்டம் இன்னொரு பக்கமிருந்தும் வந்து முட்டின. படார்! கைகள் எல்லாம் விட்டுப்போயின. ஆளுக்கு ஒரு பக்கம் விழுந்தார்கள்.

“திரும்ப ஓடு!” என்றார் சார்.

திரும்ப ஓடினார்கள். சின்னக் கூட்டங்கள் சேர்ந்தன. பெரிதானதும் மறுபடி முட்டி, மறுபடி உடைந்தன.

“ஒட்ட மாட்டேங்குது சார், உடையுது!”

“கொஞ்சம் மெதுவா முட்டுங்கப்பா.”

“ஓடுற ஓட்டத்துல எப்படி சார் மெதுவா முட்டுறது?” ஹமீதா முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

சார் தலையைச் சொறிந்தார். வகுப்புக்குப் போய்ப் பாடப்புத்தகத்தை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, விரல் வைத்துப் படித்தார்.

“‘ஒட்டிப் பெரிதாகின’ன்னுதான் போட்டிருக்கு. நடுவுல இப்படி உடையுமேன்னு ஒண்ணும் போடலையே.”

அத்தை அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “அவங்களுக்கும் அந்த இடத்துல சிக்கல்தான் சார். சின்னத் தூசி லேசா ஒட்டிக்கும். மலை மாதிரி ஆயிட்டா தானே இழுத்து வச்சுக்கும். நடுவுல, ஆள் உயரக் கல்லா இருக்கும்போதுதான் முட்டுனா உடையுது. அதுக்கும் சில விடை சொல்றாங்க. ஆனா பேச்சு இன்னும் முடியல.”

மலையாண்டி அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். “மிஸ், நம்ம ஊரு பேருதான் சிக்கல்னு நினைச்சேன். அங்கனயும் சிக்கலா?”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. சார் சிரித்தார். அத்தை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“அப்ப ரெண்டு பேருக்குமே தெரியாதா?” என்று கேட்டாள் பூங்கோதை.

“தெரியாது,” என்றார்கள் சாரும் அத்தையும் ஒரே நேரத்தில்.

இரண்டு பெரியவர்கள் சேர்ந்து அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளுடைய குழப்பம் தீரவில்லை. ஆனால் அது இப்போது அவளுக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை.

“பூங்கோதை,” சார் புத்தகத்தால் புழுதியைத் தட்டிக்கொண்டே சொன்னார், “புத்தகத்துல இருக்கத நீ சரியா எழுதியிருக்க. அதுக்கு முழு மார்க். அத்தைப்படி எழுதுனதுக்கு மார்க் போட, இங்கன யாருக்கும் இன்னும் தகுதி வரல.”

வீட்டுக்கு நடக்கும்போது, கண்மாய்க்கரை திரும்பியதும் அத்தை கேட்டாள்.

“புத்தகத்துல இருக்கதையும் விளையாடணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

“நீங்க மட்டும் மாட்டிக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு அத்தே. அதான்.”

அத்தை அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அன்று மாலையே போனை எடுத்து, “நான் மதுரைக்கு வாரேன்” என்று அவள் சொன்னதை வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். “அய்யோ, அந்தப் பெரியவரு மறுபடி ஏதாவது கேட்டா?” என்று அம்மா கவலைப்பட்டாள்.

“அவரு கேக்குறதுக்கு முன்னால நானே கேட்டுருவேன் மதினி. எனக்கு எங்க தெரியலையோ, அங்கருந்தே ஆரம்பிக்கப் போறேன்,” என்றாள் அத்தை.

கூட்டத்தன்று விடியற்காலையில் அய்யா அவளை வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார். அன்றைக்குப் பூங்கோதைக்கு எதுவும் ஓடவில்லை. கணக்கு வகுப்பில் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

போன் அடித்தது.

“அத்தே! ஒத்துக்கிட்டாங்களா?”

“இல்ல.”

பூங்கோதையின் முகம் வாடியது. “சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க. நம்ம கிரவுண்டு கதையைச் சொன்னேன். மலையாண்டி ரெண்டு பக்கமும் இழுபட்டு நடுவுல நின்னானே, அதுக்குத்தான் சிரிச்சாங்க. அவங்க சொல்ற தூசிக் கூட்டம் முட்டி உடைஞ்சு விழுந்துச்சுன்னு சொன்னேனா, அதுக்கு இன்னும் ஜாஸ்தியா சிரிச்சாங்க.”

“அந்த லட்டுப் பெரியவரு வந்தாரா?”

“வந்தாரு. என்ன செஞ்சாரு தெரியுமா? ‘நாமளும் சுத்திப் பாத்துருவோமே’ன்னு எல்லாரையும் எழுப்பி விட்டுட்டாரு. கோட்டு போட்டவங்க, கண்ணாடி போட்டவங்க எல்லாம் கையைக் கோத்துச் சுத்துனாங்க. ஒருத்தருக்குத் தலை சுத்தி நாற்காலியில உக்கார வச்சோம்!”

பூங்கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்புறம் சாப்பாட்டு நேரத்துல அவரே என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. ‘உங்க வளையம் சரின்னு எனக்குத் தோணலம்மா. ஆனா எங்க தூசியும் நடுவுல உடையத்தான் செய்யுது. ரெண்டு பேரு கணக்கையும் ஒண்ணா வச்சுப் பாப்பமா?’ன்னு கேட்டாரு. நாளைக்கே உக்காரப் போறோம். அதனால ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஊருக்கு வாரேன்.”

“அப்ப குழப்பம் தீர்ந்துருமா அத்தே?”

“எங்க தீரும்! இப்ப முன்னை விட ஜாஸ்தியால்ல இருக்கு!” என்றாள் அத்தை. மிட்டாய்க் கடைக்குள் நுழைந்த குழந்தையைப் போல இருந்தது அவள் குரல்.

பூங்கோதை போனை அம்மாவிடம் கொடுத்தாள். தெருவில் ஒரே கூச்சலாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். ஆறாம் வகுப்பு மட்டுமல்ல, எட்டாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும்கூடக் கையைக் கோத்துக்கொண்டு மைதானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஏ பூங்கோதை!” மலையாண்டி தெருமுனையிலிருந்து கத்தினான். “சூரியனுக்கு ஆள் பத்தல! சீக்கிரம் வா!”

செருப்பைக்கூடப் போடாமல் பூங்கோதை ஓடினாள்.